அந்தப் பஞ்சமத்துக்குக் கைதட்டாதீர்கள்

இந்த அவையின் நடுநாயகமாக வீற்றிருக்கும் வாவிக்கரை இசை மன்றத்தின் தலைவர், எங்கள் பெருமதிப்புக்குரிய அருளப்பு ஐயா அவர்களே! எங்களுக்காகப் பங்கு மண்டபத்தின் கதவுகளை மட்டுமல்ல, மனத்தின் கதவுகளையும் அகலத் திறந்துவிட்ட அருட்தந்தை அவர்களே! கல்குடாக் கடற்காற்றைக் கூந்தலில் முடிந்துகொண்டு வந்திருக்கும் வீணைச் செல்வி ஜோசப்பின் அவர்களே! ஏறாவூரிலிருந்து ஒலிபெருக்கிகளை ஏற்றிவந்து, வியர்வை காயாமல் நின்றுகொண்டிருக்கும் தம்பி பஹ்மி அவர்களே! தாலாட்டால் எங்களுக்குத் தமிழும் தாளமும் ஊட்டிய தன்னாமுனைத் தாய்மார்களே! முன்வரிசையில் முழங்கால் நோவோடு அமர்ந்திருக்கும் மூத்தோரே! பேச்சு நீண்டால் நழுவிவிடலாம் என்று கதவோரமாகவே நிற்கும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த மாலை வேளையில் என் மனம் நிறைந்த வணக்கம்.

என்ன? பின்னால் கைகள் உயர்கின்றன. கேட்கவில்லையா? பஹ்மி தம்பி, கொஞ்சம் கூட்டிவிடுங்கள். இப்போது கேட்கிறதா? கேட்கிறது, ஆனால் கரகரக்கிறது என்கிறீர்களா அம்மா? அது ஒலிபெருக்கியின் குற்றமில்லை. அது நான். எனக்கு எஞ்சியிருக்கும் குரல் இதுதான். பழகிவிடும், சற்றே பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் றொசானி. இங்கே பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் சங்கீத ஆசிரியை. ஒரு காலத்தில் பாடகி.

வருகிற வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று மாலைகளும் இதே மண்டபத்தில் எங்கள் மன்றத்தின் இசைவிழா நடக்க இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜோசப்பினின் வீணை. சனிக்கிழமை என் கணவர் ஜெனிஸ்டனின் மிருதங்கமும் அவருடைய மாணவர்களின் தாள வாத்தியங்களும். ஞாயிற்றுக்கிழமை, நிறைவு நாள், செல்வி ஷெரோனின் வாய்ப்பாட்டு. இந்த அழைப்பைச் சொல்லத்தான் என்னை மேடையேற்றினார்கள். சொல்லிவிட்டேன். இதோடு இறங்கிவிடலாம்.

ஆனால் இறங்கமாட்டேன். ஏனென்றால் இந்த விழாவைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது. அதைக் கேட்பதற்கு முன்னால், உங்களில் பாதிப்பேர் காதோடு காதாகப் பேசிக்கொள்வதை நானே ஒலிபெருக்கியில் சொல்லிவிடுகிறேன். றொசானிக்கு ஷெரோன்மேல் பொறாமை! ஆம் ஐயா, ஆம் அம்மா. பொறாமைதான். பொங்கலுக்குப் பொங்குகிற பானையைப் போலப் பொங்குகிற பொறாமை! போன மாதம் இருந்தது, இன்று காலை இருந்தது, இந்தக் கணம் இந்த மேடையில் நிற்கும்போதும் இருக்கிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எங்கள் மட்டக்களப்பு வாவியில் பாடுவதாகச் சொல்லும் பாடுமீனைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அந்த மீனை எல்லா மேடைகளிலும் பிடித்து, வெட்டி, குழம்பும் வைத்தாகிவிட்டது. நான் மனிதர்களைப் பற்றிப் பேசுகிறேன்.

அன்பர்களே, என் குரல் எப்படி இருந்தது என்பதை நானே சொன்னால் அது தற்புகழ்ச்சி. ஆனால் உங்கள் கைகள் சொன்னதைச் சொல்லலாம் அல்லவா? காம்போதி பாடுவேன். கீழிருந்து கிளம்பி, படிப்படியாய்ப் பரந்து, மேல் சட்ஜத்தில் நின்று, அங்கிருந்து காந்தாரம், அங்கிருந்து மத்திமம், அங்கிருந்து மேல் பஞ்சமம்! அந்தப் பஞ்சமத்தைத் தொடும் இடத்தில் என் குரல் ஒரு கணம் உடையும். விம்மலா, விக்கலா, பிரார்த்தனையா என்று சொல்ல முடியாத ஒரு சின்ன விரிசல். அங்கேதான் நீங்கள் கைதட்டுவீர்கள். எங்கே பாடினாலும் அங்கேதான் கைதட்டல். கல்லடியிலும் அங்கே, வாழைச்சேனையிலும் அங்கே. "றொசானி டீச்சர்ர அந்த இடம்" என்றே அதற்கொரு பெயர் வைத்தீர்கள். ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த இடத்தில எண்ட நெஞ்சு வெடிச்சுப் போச்சு புள்ள" என்று அழுதார். நானும் அழுதேன். அழுதுகொண்டே அடுத்த கச்சேரியில் அதே இடத்துக்கு இன்னும் கொஞ்சம் அழுத்தமாக ஏறினேன்.

பிறகு ஒரு நாள், அந்த விரிசல் பஞ்சமத்தில் மட்டும் நிற்கவில்லை. மத்திமத்துக்கு இறங்கியது. காந்தாரத்துக்கு இறங்கியது. பாடசாலையில் பிள்ளைகளுக்கு ஸரிகம சொல்லிக்கொடுக்கும்போதும் வந்தது. வைத்தியரிடம் போனேன். குரல்நாணில் கழலை என்றார். சத்திரசிகிச்சை ஒரு குறையுமில்லாமல் நடந்தது. ஆனால் நான் தாமதமாகப் போயிருந்தேன். குரல்நாண் தழும்பேறிவிட்டது. "பேசலாம். பாட்டை மறந்துவிடுங்கள்" என்றார். மறப்பதா? மீனிடம் போய் நீரை மறந்துவிடு என்பதா? ஆனாலும் பாட்டு என்னை விட்டுப் போனது. பாடசாலையில் என்னை நூலகத்துக்கு மாற்றினார்கள். அமைதி காக்கவேண்டிய அறைக்குப் பொருத்தமான ஆளைத்தான் பார்த்துப் போட்டார்கள்!

அந்த நேரத்தில்தான் வந்தாள் ஷெரோன்.

இந்த ஊர்ப் பிள்ளை. தாய்க்கு ஒரே மகள். பகலில் ஏறாவூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை, மாலையில் பாட்டு. அவள் என்னிடம் படித்தவள் அல்ல. என் கச்சேரிகளைக் கேட்டவள். தலைவர் ஐயா அவளை மேடையேற்றினார். முதல் கச்சேரிக்கு மிருதங்கம் யார்? என் வீட்டுக்காரர். ஆம் அன்பர்களே, என் பாட்டுக்கென்றே வாசித்த அதே கைகள், அதே மிருதங்கம்!

அவர் போகும்போது என்னிடம் கேட்டார். அனுமதி கேட்டார். நான் மறுக்கவில்லை. "போங்க, உங்களுக்கும் தொழில்தானே" என்றேன். அவர் மோட்டார் சைக்கிளில் மிருதங்கத்தைக் கட்டிக்கொண்டு போன பிறகு, வீட்டின் சன்னல்களையெல்லாம் சாத்தினேன். நாங்கள் மட்டக்களப்பு நகரத்தில் இருக்கிறோம், கச்சேரியோ இங்கே தன்னாமுனையில். காற்று அவ்வளவு தூரம் பாட்டைக் கொண்டுவராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சாத்தினேன். பொறாமைக்குத் தூரம் தெரியுமா?

மறுநாள் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்கிறேன். இரண்டு பெண்கள் வந்தார்கள். நல்ல மனிதர்கள். என்னை மகிழ்விக்கத்தான் வந்தார்கள்.

"டீச்சர், நேத்து ஷெரோன்ர பாட்டு. அப்பிடியே நீங்கதான்!"

"கண்ண மூடினா நீங்க பாடுறாப்போல கிடந்திச்சு. அந்த இடமும் வந்திச்சு டீச்சர். அதே இடம்!"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மிச்சம் சந்தோசம்" என்றேன். கத்தரிக்காயை இறுக்கிப் பிடித்திருந்தேன் போலும். விற்ற பெண் என் கையைப் பார்த்து, "நசிச்சுப் போட்டீங்களே, இனி அத நீங்கதான் எடுக்கோணும்" என்றாள். எடுத்துக்கொண்டேன்.

மீண்டும் சிரிப்பு! நல்லது. ஆனால் எண்ணிப் பாருங்கள். உங்கள் வீட்டை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு அந்தத் தெருவில் நடந்திருக்கிறீர்களா? உங்கள் சன்னலில் வேறொருவரின் விளக்கு எரிவதைப் பார்த்திருக்கிறீர்களா? என் காம்போதியில் அவளுடைய விளக்கு எரிந்தது. என் மிருதங்கம் அவளுக்கு வழிகாட்டியது. என் கைதட்டல் அவளுக்கு விழுந்தது. எனக்கு எரிந்ததா? எரிந்தது. வயிறும் எரிந்தது, வாயும் எரிந்தது, வழிபாட்டில் முழந்தாளிட்டபோதும் எரிந்தது!

இப்படியே காலம் போனது. போன மாதம், இந்த விழாவுக்கான ஒத்திகை தொடங்கியது. தலைவர் ஐயா என் வீட்டுக்கு வந்தார். இதோ இருக்கிறார், கேட்டுப் பாருங்கள். "றொசானி, ஷெரோன்ர ஒத்திகையில நீ ஒருக்கா வந்து இரி. உண்ட காதுக்குத் தப்பி ஒண்டும் போகாது" என்றார். நான் மறுத்திருக்கலாம். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், ஆசையோடு போனேன். எதற்கு ஆசை? பிழை பிடிக்க! எங்கே சுருதி விலகும், எங்கே தாளம் தவறும் என்று தேடிப் பிடித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, ஊறுகாய்போல வைத்துச் சுவைக்கலாம் என்ற ஆசை!

இந்த மண்டபத்தில்தான் ஒத்திகை. நான் நடுவில் அமர்ந்தேன். ஷெரோன் என்னைக் கண்டதும் எழுந்து வணங்கினாள். தொடங்கினாள். நன்றாகப் பாடினாள். அதுதான் முதல் அடி. சுருதி விலகவில்லை. தாளம் தவறவில்லை. காம்போதி வந்தது. ஏறினாள். சட்ஜம், காந்தாரம், மத்திமம். பஞ்சமம்! அங்கே உடைந்தாள்.

அங்கிருந்த மன்றத்தார் "ஆகா!" என்றார்கள். நான் மட்டும் உறைந்துபோனேன்.

ஏன்? என்னைப்போலவே பாடினாள் என்பதற்காகவா? இல்லை. நான் பொறாமையோடு கேட்டேன். ஒரு துளியும் சிந்தாமல் கேட்டேன். அந்த உடைவுக்கு முன்னால் ஒரு சின்ன இறுக்கம் இருந்தது. உடைந்த பிறகு, அடுத்த வரியைத் தொடங்க அவள் ஒரு கணம் தாமதித்தாள். தொடங்கும்போது காற்று முதலில் வந்தது, குரல் பிறகு வந்தது. அந்தக் காற்றை எனக்குத் தெரியும்! அது இராகபாவமல்ல, பாணியல்ல, பக்தியல்ல. அது என் நோயின் காலடிச் சத்தம்!

அன்பர்களே, நீங்கள் "றொசானி டீச்சர்ர அந்த இடம்" என்று கொண்டாடினீர்களே, அது என் கலை என்றுதான் நானும் நம்பியிருந்தேன். அன்று இன்னொருத்தியின் தொண்டையில் கேட்டபோதுதான் அது என்னவென்று எனக்கு விளங்கியது. அது என் குரல்நாணில் கழலை முளைத்த சத்தம். அந்தப் பிள்ளை என் பாட்டைப் பழகவில்லை. என் நோயைப் பழகியிருந்தாள். அழகென்று நினைத்து, நாள்தோறும் தொண்டையை நெரித்து நெரித்து அதை வரவழைத்திருந்தாள். இப்போது அது அவள் அழைக்காமலே வரத் தொடங்கியிருந்தது.

ஒத்திகை முடிந்தது. "எப்பிடி டீச்சர்?" என்று வந்து நின்றாள். எல்லோரும் இருந்தார்கள். "நல்லம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம் சொன்னேன். பிறகு அவரிடமே கேட்டேன்.

"நான் போய்ச் சொன்னா என்ன நினைப்பா? நானே பாட ஏலாம, பாடுறவளப் பயமுறுத்த வந்திரிக்கன் எண்டு நினைக்கமாட்டாவா?"

"நினைப்பாதான்" என்றார். "நீ சொல்லாட்டி ஆரும் உன்னக் குற்றம் சொல்லவும் போறல்ல. ஆனா ஒண்டு சொல்லுறன் றொசானி. இனி நான் அவக்கு வாசிக்க ஏலாது. வாசிக்கக்குள்ள உண்ட தொண்டதான் கண்ணுக்குள்ள நிக்கும்."

அடுத்த நாள் பாடசாலைவிட்டு, நேரே ஏறாவூர் பஸ்சில் ஏறி இங்கே வந்து இறங்கினேன். ஷெரோனின் வீடு வாவிப்பக்கம். தாய் தேநீர் போட உள்ளே போனார். நான் சுற்றிவளைக்கவில்லை.

"ஷெரோன், அந்தப் பஞ்சமத்த விட்டுடு புள்ள. உண்ட சுருதியையும் இறக்கு. உடன போய் ஒரு டொக்டருக்கிட்டத் தொண்டயக் காட்டு."

அவள் என்னைப் பார்த்தாள். கோபப்படவில்லை. கோபத்தைவிடக் கூர்மையான ஒன்று அந்தக் கண்களில் இருந்தது.

"நீங்க இப்பிடி ஏதும் சொல்லுவீங்க எண்டு எனக்குத் தெரியும் டீச்சர்."

"என்னத்த தெரியும்?"

"சனம் எனக்குக் கைதட்டுற ஒரே இடம் அதுதான். அதையும் பிடுங்கப் பாக்கிறீங்களா? உங்களுக்கு என்னில பொறாம எண்டு ஊரெல்லாம் கதைக்கிற. நான்தான் நம்பாம இருந்தன்."

அவையோரே, அவள் சொன்னதில் பிழை உண்டா? இல்லை. பொறாமை உண்மை. பொறாமைக்காரி சொல்வதை யார் நம்புவார்கள்? எதிரியின் கையில் மருந்து இருந்தால் அதை யார் குடிப்பார்கள்?

"ஓம், பொறாமதான்" என்றேன். "ஆனா இத நான் பொறாமையில சொல்லல்ல. பொறாமையில எண்டா, நான் சொல்லாம இருந்திருப்பன். நீ பாடிப் பாடி முடிஞ்சு போறதப் பாத்துக்கொண்டு இருந்திருப்பன்."

அந்த நேரம் தாய் தேநீரோடு வந்தார். நான் அவரிடம் கேட்டேன். "அக்கா, காலையில எழும்பக்குள்ள இவட குரல் எப்பிடி?"

"காலையிலயா? சுடுதண்ணி குடிக்காம அவக்குக் கதைக்கவே ஏலாது டீச்சர். கையாலதான் காட்டுவா. பாடுறவங்களுக்கு அப்பிடித்தான் எண்டு சொல்லுறா."

ஷெரோன் தலையைத் திருப்பிக்கொண்டாள். "அதெல்லாம் ஒண்டுமில்ல. நான் நல்லாத்தானே பாடுறன்!"

இனி நான் என்ன சொல்வது? எந்தச் சான்றைக் காட்டுவது? என்னிடம் ஒரே ஒரு சான்றுதான் இருந்தது. அதை யாருக்கும் காட்டுவதில்லை என்று இருந்தேன். என் கணவருக்கும் காட்டியதில்லை. குளியலறையில்கூட நான் வாய் திறந்ததில்லை.

வாய் திறந்தேன்.

காம்போதி. அவளுக்கு எதிரே, தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்கினேன். நடுச் சட்ஜம் வந்தது, ஓட்டைப் பானையில் காற்று ஊதியதுபோல. ரிஷபம் பாதி வந்தது. காந்தாரத்துக்குப் போனேன். அங்கே குரல் இல்லை. காற்று மட்டும். நான் நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. மத்திமம், பஞ்சமம், தைவதம் என்று என் கை மேலே மேலே போகிறது, வாய் அசைகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, வெளியே வருவதோ வைக்கோல் உரசுகிற சத்தம்! மேல் பஞ்சமம்வரை போனேன் ஐயா. நீங்கள் கைதட்டிய இடம்வரை போனேன். அங்கே ஒன்றுமே இல்லை.

தாய் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஷெரோன் எழுந்து வந்து என் தோளைப் பிடித்தாள்.

"போதும் டீச்சர். போதும். நிப்பாட்டுங்க."

நிறுத்தினேன். வெட்கமாக இருந்தது. மேடையில் ஆடை அவிழ்ந்தவள்போல இருந்தது. அவள் எனக்கு எதிரே தரையில் இருந்துவிட்டாள். இருந்துகொண்டு, அழுகையும் ஆத்திரமுமாகச் சொன்னாள்:

"உங்களுக்கு மட்டும்தான் பொறாம எண்டு நினைக்கிறீங்களா? எனக்கு உங்களில எவ்வளவு பொறாம எண்டு தெரியுமா? நான் என்னதான் பாடினாலும், கீழ இறங்கி வந்தா 'அப்பிடியே றொசானி டீச்சர்' எண்டுதான் சொல்லுறாங்க. ஒருத்தராவது 'ஷெரோன்' எண்டு சொல்லல்ல. நீங்க பாடக்குள்ள எண்டாலும் எப்பவாவது ஒரு பிழ விட்டிருப்பீங்க. இப்ப நீங்க பாடுறல்ல. இனி உங்களுக்குச் சுருதி பிசகவே பிசகாது. பாடாத ஆளோட நான் எப்பிடி டீச்சர் போட்டி போடுற?"

அன்பர்களே, அந்தக் கேள்வியை உங்களிடமே கொண்டுவந்திருக்கிறேன். உங்களிடம் பதில் இருக்கிறதா?

பாருங்கள் இந்த வேடிக்கையை! எனக்கு இல்லாத குரல் அவளிடம் இருக்கிறதென்று நான் எரிந்தேன். அவளுக்கு இல்லாத பெயர் என்னிடம் இருக்கிறதென்று அவள் எரிந்தாள். இரண்டு அடுப்புகள், நடுவில் ஒரு பஞ்சமம்! அன்று அந்தத் தேநீர் ஆறிப்போனது. நாங்கள் ஆறவில்லை. கட்டிப்பிடித்து அழுது, அக்கா தங்கையாகிவிட்டோம் என்று நான் கதை விடமாட்டேன். "நாளைக்கு டொக்டருக்கிட்டப் போவம். நான் வாறன்" என்றேன். "வாங்க" என்றாள். அவ்வளவுதான்.

மட்டக்களப்பில் ஒரு வைத்தியரிடம் போனோம். அவளுடைய குரல்நாணில் வீக்கம். கழலை இன்னும் ஆகவில்லை, இப்படியே போனால் ஆகும் என்றார். "நல்ல வேளைக்கு வந்தீர்கள்" என்றார். அந்த ஒரு வார்த்தை! "நல்ல வேளைக்கு." எனக்குக் கிடைக்காத வார்த்தை. வைத்தியரின் அறையிலும் எனக்குப் பொறாமை வந்தது, நம்புவீர்களா? அந்தப் பிள்ளையின் தொண்டை பிழைத்தது என்று ஒரு கண் மகிழ்ந்தது. என் தொண்டைக்கு ஏன் இந்த வேளை வாய்க்கவில்லை என்று மறு கண் கலங்கியது.

முதலில் பாட்டும் பேச்சும் இல்லாமல் முழு ஓய்வு. மருந்துக்கடையில் அவள் கையால் காட்டிக்காட்டி மருந்து கொடுத்ததை ஏறாவூர்க்காரர் அறிவார்கள். வீக்கம் வற்றிய பிறகு, தாழ்ந்த சுருதியில் மெல்லப் பாடலாம், ஆனால் விழா முடியும்வரை பேச்சைக் குறைக்கவேண்டும் என்றார் வைத்தியர். அதனால்தான் இன்று அவள் மேடைக்கு வரவில்லை. இதோ, மூன்றாவது வரிசையில், நீலச் சேலை. திரும்பிப் பார்க்காதீர்கள், வெட்கப்படுகிறாள்! தன் கச்சேரிக்குத் தானே உங்களை அழைக்க முடியாதபடி அவள் குரலைச் சேமித்து வைத்திருக்கிறாள். சேமிக்க ஒன்றுமில்லாத நான் அவளுக்காகச் செலவழிக்கிறேன்.

ஐந்தரைக் கட்டையில் பாடியவள் நாலரைக்கு இறங்கியிருக்கிறாள். இனி வாசிக்க ஏலாது என்ற என் கணவரே அந்தச் சுருதிக்கு வேறொரு மிருதங்கம் தேடியெடுத்து, வாரை இழுத்துக் கட்டி, வீட்டில் தட்டித் தட்டிச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். ஒத்திகைக்கு நான் நாள்தோறும் போகிறேன். அவள் பாடுவாள், நான் பொறாமையோடு கேட்பேன். தொண்டை இறுகினால் கையை உயர்த்துவேன். முறைத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து பாடுவாள்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். தயவுசெய்து செவிசாயுங்கள். கதவோரத் தம்பிமாரே, நீங்களும்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் காம்போதி பாடுவாள். ஏறுவாள். மேல் சட்ஜத்தில் நிற்பாள். காந்தாரத்தைத் தொடுவாள். பிறகு இறங்கிவிடுவாள். பஞ்சமத்துக்குப் போகமாட்டாள். உடையமாட்டாள். நீங்கள் காத்திருக்கும் அந்த இடம் வராது! உங்கள் கைகள் மடியில் தயாராக இருக்கும், ஆனால் தட்டுவதற்கு அங்கே காயம் இருக்காது. அப்போது உங்களில் யாராவது ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம், "என்ன இரிந்தாலும் றொசானி டீச்சர் மாதிரி இல்ல" என்று சொல்வீர்களானால், அது என்னைப் புகழ்வதென்று நினைத்துவிடாதீர்கள். அது அந்தப் பிள்ளையின் கழுத்தைப் பிடித்து மீண்டும் அந்த உச்சிக்குத் தள்ளுவது. அங்கே என்ன இருக்கிறதென்று நான் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. நீங்கள் என்னை நேசித்தீர்கள். என் பாட்டை நேசித்தவர்கள் ஆயிரம் பேர். கண்களை மூடிக்கொண்டு கேட்டார்கள், கண்ணீர் விட்டுக் கேட்டார்கள். என் கணவரும் கேட்டார், நானும் கேட்டேன். ஆனால் அந்த ஆயிரம் பேரில் ஒருவருக்காவது என் தொண்டை நோகிறதென்று கேட்டதா? அன்பு கேட்கவில்லை. பாராட்டுக் கேட்கவில்லை. பக்தி கேட்கவில்லை! ஷெரோனுக்கு ஒரு பொறாமைக்காரி இருந்தாள். எழுத்தெழுத்தாக, இழையிழையாக, மூச்சுமூச்சாக, எங்கே விழுவாள் என்று உற்றுக் கேட்க ஒருத்தி இருந்தாள். எனக்கு அப்படி ஒருத்தி இருக்கவில்லை. என் கச்சேரிகளில் முன்வரிசையில், வயிறு எரிய எரிய, கண் கொட்டாமல், காது கொட்டாமல் ஒரே ஒரு பொறாமைக்காரி இருந்திருந்தால், இன்று நான் உங்கள்முன் பேசிக்கொண்டு நின்றிருப்பேனா? பாடிக்கொண்டு இருந்திருப்பேனே ஐயா! பாடிக்கொண்டு இருந்திருப்பேனே!

கைதட்டவேண்டாம். சற்றுப் பொறுங்கள். தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

நன்றி தம்பி.

ஆகவே வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் குடும்பத்தோடு வாருங்கள். ஜோசப்பினின் வீணையை விரல்விரலாகக் கேளுங்கள். என் கணவரின் மிருதங்கத்தை, வீட்டில் நான் கேட்பதுபோல, குறைசொல்லிக்கொண்டே கேளுங்கள். ஷெரோன் நல்லதைப் பாடும்போது தாராளமாகத் தட்டுங்கள். நாலரைக் கட்டையில் அவளுடைய கீழ்க்குரல், அந்த மந்திரஸ்தாயி, எப்படி இருக்கிறது தெரியுமா? மாரிகாலத்து வாவிபோலக் கனத்து, கலங்காமல், கரைதொட்டு நிற்கிறது. அந்த ஆழத்துக்கு நான் ஒருநாளும் இறங்கியதில்லை. மேலே ஏறுவதிலேயே என் காலம் போய்விட்டது. போன செவ்வாய் அவள் கீழ்ப் பஞ்சமத்தில் நின்றாள். நான் எழுந்து வெளியே போய், மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது என் பாட்டல்ல. எங்கும் நான் இல்லை. முழுக்க முழுக்க அவள். அதற்குமுன் எனக்கு வந்ததெல்லாம் பொறாமையே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது!

இந்த வாய்ப்பைத் தந்த தலைவர் அருளப்பு ஐயாவுக்கும், இடம் தந்த அருட்தந்தைக்கும், என் கரகரப்பைக் கடைசிவரை காப்பாற்றிய பஹ்மி தம்பிக்கும், காது தந்த உங்களுக்கும் என் நன்றி உரித்தாகட்டும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கச்சேரி முடிந்து வெளியேறும்போது, அவளுடைய பெயரைச் சொல்லிக்கொண்டு போங்கள். அவளுடைய பெயரை மட்டும். என் காதில் விழும்படி, உரக்கவே சொல்லுங்கள். எனக்கு எரியும். பரவாயில்லை, நான் தாங்கிக்கொள்வேன்.

எல்லோரும் நலமாக இருங்கள். வணக்கம்.